"சரி." என்று புள்ளி வைத்தால் கோபம் என்று அர்த்தமா?

வாய்க்கால்கரை (கோபி)
நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுப்பவள். வயது 48. மகன் கோவையில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு, ஹாஸ்டல்வாசி. மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்கு வந்திருந்தான். கம்பத்தாட்டம் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டான்: "ஏம்மா, ஆறு மாசமா என்ற மேல என்ன கோபம்?"

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. காலையும் இரவும் தவறாமல் செய்தி போடுகிறவள் நான். அவனே போனை எடுத்துக் காட்டினான். "சாப்பிடு." "சரி." "பணம் போட்டுவிட்டேன்." "ஞாயிறு வா." எல்லாம் நான் அனுப்பியவைதான். "ஒவ்வொண்ணுலயும் கடைசியில புள்ளி வச்சிருக்க பாரும்மா. கதவை அறைஞ்சு சாத்தற மாதிரி இருக்குது" என்றான்.

வாக்கியம் முடிந்தால் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும் என்று இருபத்து மூன்று வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வைக்காத இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போடுகிறேன். அந்தப் புள்ளியை என் பிள்ளை கோபம் என்று படித்திருக்கிறான். அவன் பதில் போடுவது குறைந்தபோது படிப்புச் சுமை போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததுண்டா? இந்தப் பிள்ளைகள் எதை எப்படிப் படிக்கிறார்கள் என்று யாராவது பொறுமையாகச் சொல்லுங்கள்.

பின்னலாடை அம்மணி (திருப்பூர்)
அக்கா, வணக்கங்க. எனக்கு 23 வயது. எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். உங்கள் மகன் சொன்னதில் பொய் இல்லைங்க. எங்கள் அப்பா "வந்துவிடு." என்று போட்டால் எனக்கும் வயிற்றைக் கலக்கும்.

காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். காகிதத்தில் எழுதும்போது ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்று காட்டப் புள்ளி வேண்டும். போனில் அனுப்பு என்று தட்டியதுமே அது தனிக் கட்டமாகப் போய் நிற்கிறது. அங்கேயே வாக்கியம் முடிந்துவிட்டது. முடிந்ததற்கு மேல் ஒரு புள்ளியும் இருந்தால், இதை ஏன் வேலை மெனக்கெட்டு வைத்தார்கள் என்றுதான் எங்களுக்குத் தோன்றும். பேச்சில் "சரி" என்பதற்கும், பல்லைக் கடித்துக்கொண்டு "சரி" என்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் சின்னச் சின்ன உரையாடல்களைப் படிக்கக் கொடுத்தார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. போன் செய்தியில் ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின்னால் புள்ளி இருந்தால், மனதார எழுதியதாகத் தெரியவில்லை என்று படித்தவர்கள் மதிப்பிட்டார்கள். அதே பதில் கையால் எழுதிய துண்டுச்சீட்டில் இருந்தபோது புள்ளியால் எந்த வித்தியாசமும் வரவில்லை. கவனியுங்கள் அக்கா, அதே புள்ளிதான், காகிதத்தில் அதற்குக் குற்றமே இல்லை.

நாங்கள் ஒரு சேதியை நான்கைந்து துண்டாக அனுப்புவதற்கும் இதுதான் காரணம். "அம்மா", "சாப்டேன்", "கத்திரிக்கா கொழம்பு", "நல்லாவே இல்ல". ஒவ்வொரு துண்டும் ஒரு மூச்சு. எதிரில் இருப்பவர் அடுத்ததற்காகக் காத்துக்கொண்டிருக்க வேண்டாம், கூடவே வருவார்.

தபால்காரர் 1979 (தாராபுரம்)
அன்புள்ள ஆசிரியை அம்மாவுக்கும் திருப்பூர் அம்மணிக்கும் வணக்கம். நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 70. என் செய்திகளைப் பேத்தி "தாத்தா லெட்டர்" என்பாள். மேலே "அன்புள்ள", கீழே என் பெயர். பெயர்தான் போனிலேயே தெரியுமே, பின்னே எதற்கு என்று கேட்கிறாள். பெயர் போடாத கடுதாசி மொட்டைக் கடுதாசி. எனக்குக் கை வராது.

எங்கள் காலத்தில் கடிதத்துக்கு ஒரு முறை இருந்தது. உச்சியில் "உ". அப்புறம் "நலம், நலமறிய ஆவல்". "இப்பவும்" என்று தொடங்கினால்தான் விஷயத்துக்கு வருகிறார் என்று அர்த்தம். கார்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் வாசலிலேயே வீட்டாருக்கு முகம் மலரும். விளிம்பில் கறுப்பு மை இருந்தால் அதைக் கொடுக்கவே எனக்குக் கை நடுங்கும். படிக்கும் முன்னே தொனி தெரிந்துவிடும். இன்றைக்குப் பிள்ளைகள் புள்ளியில் தொனியைத் தேடுவது அதே தேட்டம்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

தந்திக்குச் சொல்லுக்குச் சொல் காசு. அதனால்தான் "உடனே புறப்படு" என்று இரண்டே சொல்லில் வரும். படித்தவர்கள் அரண்டு போவார்கள். வாழ்த்துத் தந்திக்கு இன்னொரு வசதி இருந்தது. கல்யாணத்துக்கு, தீபாவளிக்கு என்று அச்சிட்ட வாசகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்ணைச் சொன்னால் போதும், முழு வாசகமும் அங்கே போய்ச் சேரும். பேத்தி ஸ்டிக்கர் அனுப்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எண்கள் ஞாபகம் வருகின்றன. 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தினார்கள். அன்று உண்மையிலேயே துக்கமாக இருந்தது.

எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. நான் வரிசையாகப் புள்ளி வைப்பேன். "மழை பெய்தது.... கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது.... நீ எப்போது வருகிறாய்...." இப்படி. கார்டில் இடம் மிச்சம் பிடிக்க, வரி மாற்றாமல் விஷயத்தைப் பிரித்துக் காட்டிய பழக்கம். பேத்தியோ, ஏதோ மனசில் வைத்துக்கொண்டு சொல்லாமல் விடுகிறேன் என்கிறாள். அப்படியா தெரிகிறது?

பின்னலாடை அம்மணி (திருப்பூர்)
ஆமாங்க தாத்தா. "நீ எப்போது வருகிறாய்...." என்று பார்த்தால் "வராமலே இருக்கிறாயே" என்று குத்திக்காட்டுவது மாதிரித்தான் எங்களுக்குக் கேட்கும். ஆனால் நீங்கள் கார்டு விஷயம் சொன்ன பிறகு என் பெரியப்பா அனுப்பியதை எல்லாம் மறுபடி எடுத்துப் படித்தேன். வேறு ஆளாகத் தெரிகிறார்.

நோக்கியா 1100 (ஈரோடு)
வயது 39. தபாலுக்கும் வாட்ஸ்ஆப்புக்கும் நடுவில் மாட்டிய தலைமுறையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்எஸ் ஒன்றுக்கு இடம் 140 பைட்தான். ஆங்கில எழுத்தென்றால் அதில் 160 அடங்கும். தமிழென்றால் 70தான். அந்த 70ம் நாம் எண்ணுகிற எழுத்துக் கணக்கில் வராது. "கொங்கு" என்பது நமக்கு மூன்றெழுத்து, போனுக்கு ஆறு. க ஒன்று, கொம்புக்கும் காலுக்கும் சேர்த்து ஒன்று, ங ஒன்று, மேல் புள்ளி ஒன்று என்று தனித்தனியாக எண்ணும். "நாளை பொழுதோட வருகிறேன், பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க" என்று எழுதினாலே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். அதோடு எங்கள் போன்களில் பெரும்பாலும் தமிழே வராது. அனுப்பினால் எதிரில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் சுருக்கி அடித்தோம். "ஓகே"யைக் "கே" என்ற ஒற்றை எழுத்தாக ஆக்கியது நாங்கள்தான்.

பாக்கெட் மணியில் எஸ்எம்எஸ் பேக் போட்ட காலம் அது. தீபாவளி, புத்தாண்டு வந்தால் பேக் செல்லாது, அன்றைக்குத் தனிக் காசு. எனவே முந்தின இரவே வாழ்த்தை அனுப்பிவிட்டுத் தூங்குவோம். 2011இல் ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வரம்பு வைத்தது. முதலில் 100, சில வாரத்தில் 200 ஆக்கினார்கள். எழுத்தை எண்ணி எண்ணியே விரல் பழகிவிட்டது.

இப்போது எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் நீளமாக ஒன்று எழுதிக் கேட்டான். நான் "கே" என்று போட்டேன். மறுநாள் வந்து "அண்ணா, நான் ஏதாவது தப்பா கேட்டுட்டனுங்களா?" என்கிறான். எனக்கு அது வேகம், அவனுக்கு அது அலட்சியம். இடத்துக்குப் பஞ்சமில்லாத காலத்தில் ஒற்றை எழுத்துப் பதில் வந்தால் அப்படித்தான் படிப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

களையா காளையா (காங்கேயம்)
ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பதால் வந்த வினையைச் சொல்கிறேன். எங்கள் அண்ணன் பெங்களூரில் இருக்கிறார். தோட்டத்து ஆள் கணக்கை அவர்தான் போனிலேயே பேசி முடிப்பார். ஒரு நாள் அப்பாவுக்கு இப்படி அனுப்பினார்: "கே, ஏ, எல், ஏ, ஐ" என்று ஐந்தெழுத்து, கூடவே "பேசி முடிச்சாச்சு, 2 நாள்ல வருவாங்க".

அண்ணன் சொன்னது களை. மஞ்சள் காட்டில் களை எடுக்க ஆள் பேசியாச்சு என்று. அப்பா படித்தது காளை. வீட்டில் இருந்த இரண்டு காங்கேயம் காளையையும் தன்னைக் கேட்காமல் விலை பேசிவிட்டான் மகன் என்று மனசு உடைந்து போனார். யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி சோறு உண்ணவில்லை. காலையில் பார்த்தால் கட்டுத்தறியில் காளைகளுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். பழையகோட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கன்றாக வாங்கி அவரே வளர்த்தவை. அம்மா அதட்டிக் கேட்டபிறகுதான் வாயைத் திறந்தார்.

அதே ஐந்தெழுத்தில் கலை, காலை, களை, காளை எல்லாம் அடங்கும். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து தமிழ் என்றால் தமிழ் எழுத்தில்தான். அண்ணன் தமிழ் விசைப்பலகை போட்டுக்கொண்டார். முதலில் ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆனது, இப்போது சரளமாக வருகிறது.

தோப்புக்காரர் (ஆனைமலை)
எல்லோரும் பிள்ளைகள் பக்கமே சாய்கிறீர்கள். எனக்கு 61 வயது. நான் வேறு மாதிரி பார்க்கிறேன்.

நம் பேச்சுக்கு உயிரே "ங்க"தான். "வாங்க", "சொல்லுங்க", "சரிங்க", "இல்லீங்க". கோயமுத்தூர்ப் பக்கம் பெற்ற பிள்ளையைக்கூட "ஏனுங் கண்ணு" என்று கூப்பிடுகிற ஊர் இது. போனில் பார்த்தால் அக்கா மகன் எனக்கு "ம்" என்று பதில் போடுகிறான். நேரில் வந்தால் "மாமா, நல்லா இருக்கீங்களா" என்கிற அதே பையன். மரியாதை என்ன போனுக்கு வெளியே கழற்றி வைக்கிற செருப்பா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாசம் எங்கள் பங்காளி ஒருவர் தவறிவிட்டார். உறவுமுறைக் குழுவில் சேதி போட்டார்கள். யாரும் வீட்டுக்கு ஆள் விடவில்லை, போன் பண்ணவில்லை. நான் போன் பார்ப்பது சாயந்திரம் ஒரு தடவை. பார்க்கும்போது எடுத்து முடித்துவிட்டார்கள். கூடப் பிறந்தவன் மாதிரி வளர்ந்தவன், கடைசியாக முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அந்தச் சேதிக்குக் கீழே ஒருவர் கட்டைவிரல் போட்டிருக்கிறார், இன்னொருவர் பூப்படத்தோடு காலை வணக்கம் போட்டிருக்கிறார். பூப்படம் போட்டவர் என் வயதுக்காரர்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போன் எழுத்து போதாது. வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து கூப்பிடாத கல்யாணத்துக்கு நான் போனதில்லை, போகப்போவதும் இல்லை.

பெரிய மருமகள் (சூலூர்)
மாமா, உங்கள் இழப்பைப் படித்துக் கஷ்டமாக இருந்ததுங்க. இழவு சொல்ல ஆள் வர வேண்டும், குறைந்தது போனாவது வர வேண்டும். அதில் உங்களோடு நிற்கிறேன்.

"ங்க" விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. நான் 34. மேலே மாமனார் மாமியார், கீழே கல்லூரி போகும் கொழுந்தன். மூன்று பக்கத்துக்கும் நான்தான் செய்தி போடுகிறேன். நான் பார்த்தவரை "ங்க" எங்கேயும் தொலையவில்லை, ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

மாமனார் எதை எழுதினாலும் கடைசியில் கைகூப்பும் படம் போடுவார். "பால்காரர் வந்தார்" என்பதற்குக்கூட. எனக்கே கும்பிடு போடுகிறாரே என்று முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு புரிந்தது, பேச்சில் "வந்தாருங்க" என்கிறாரே, அந்த "ங்க" அது. கொழுந்தன் "ங்க" அடிக்கவே மாட்டான். ஆனால் "அண்ணீஈஈ" என்று இழுப்பான், "சரி" என்று மட்டும் விடாமல் "சரிஈஈ" என்பான். அந்த இழுவையில்தான் அவன் பணிவும் செல்லமும் இருக்கின்றன. வெறும் "சரி" போட்டால் ஏதோ சண்டை என்று எனக்கு இப்போது தெரிந்துவிடும்.

ஒருவர் வைத்த இடம் இன்னொருவருக்குத் தெரியாததுதான் தொல்லையாகிறது. உங்கள் அக்கா மகனுடைய "ம்" ஒருவேளை நேரில் தலையாட்டுவது மாதிரி இருக்கலாம். அவனையே கேட்டுப் பாருங்க மாமா.

தோப்புக்காரர் (ஆனைமலை)
கேட்கிறேன் அம்மணி. ஆனால் "ம்"முக்கு "ங்க" சேர்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நான் தென்னை மட்டை உரித்த கையோடு "ங்க" அடிக்கிறேன். அவன் அடிக்கக் கூடாதா?

பெரிய மருமகள் (சூலூர்)
அடிக்கலாமுங்க. அதற்கு என்னிடம் மறுபேச்சு இல்லை.

நூல் கமிஷன் (திருப்பூர்)
கட்டைவிரல் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எனக்கு அது காசு போன கதை.

நூல் விலை ஏறிக்கொண்டிருந்த சமயம். பழைய பார்ட்டி ஒருவருக்கு ரேட்டும் எடையும் போட்டு அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது. ஆர்டர் உறுதி என்று நினைத்து மில்லில் சரக்கைப் பிடித்துவிட்டேன். மூன்று நாள் கழித்து "பார்த்துட்டேன்னுதானே போட்டேன், வேணும்னு எங்க சொன்னேன்" என்கிறார் அவர். அவருக்கு என் மகன் வயது. எனக்கு அது சம்மதம், அவருக்கு அது "வந்து சேர்ந்தது". விலை இறங்கியபிறகு அந்தச் சரக்கைத் தள்ளிவிட நான் பட்ட பாடு பெரும்பாடு.

இது கோர்ட்டுக்கே போயிருக்கிறது. கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு தானியக் கம்பெனி, ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து விவசாயிக்கு அனுப்பி உறுதி செய்யச் சொன்னது. அவர் கட்டைவிரல் போட்டார். விதை வரவில்லை. ஒப்பந்தம் கிடைத்தது என்றுதான் போட்டேன் என்றார் அவர். முன்பெல்லாம் அவர் "ஓகே" மாதிரி சின்னச் சொல்லில் பதில் போட்டே சரக்கு அனுப்பியிருந்ததை நீதிபதி கணக்கில் எடுத்தார். கட்டைவிரலும் கையெழுத்துக்குச் சமம் என்று 2023இல் தீர்ப்பு, 82,000 கனடா டாலருக்கு மேல் கட்டச் சொன்னார்கள். 2024 கடைசியில் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

என் அப்பாரு மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கை விட்டு விலை பேசுவார். எந்த விரலைப் பிடித்தால் என்ன தொகை என்பது இரண்டு பேருக்கும் ஒன்றுபோலத் தெரியும். சுற்றி நிற்பவருக்குத் தெரியாது, ஆனால் கை கொடுத்த இருவருக்குள் குழப்பமே வராது. போனில் அந்த விரல் பாஷையை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது நான் "எத்தனை கிலோ, என்ன ரேட், எழுத்தில் போடுங்க" என்று கேட்டு வாங்குகிறேன். சின்னப் பசங்களுக்கு எரிச்சலாக இருக்கிறது, இருக்கட்டும்.

அம்மிச்சி பேத்தி (பவானி)
எழுதவே தெரியாதவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. என் அம்மிச்சிக்கு 82. தறிவேலை செய்தவர், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. 2013இல் வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தி வந்ததே, அது அவருக்காகவே வந்தது என்பேன். மைக் படத்தை அழுத்திப் பிடித்துப் பேச நான்தான் பழக்கிக் கொடுத்தேன்.

"கண்ணு, அம்மிச்சி பேசறேன். உண்டியா சாமி?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவார். அந்த இடத்தில் நான்கைந்து நொடி சத்தமே இருக்காது. பதிலுக்குக் காத்திருக்கிறார். அப்புறம் "சரி சரி" என்று தானே சொல்லிக்கொண்டு மேலே பேசுவார். முதலில் அந்த இடைவெளியைத் தள்ளிவிட்டுக் கேட்பேன். இப்போது அந்த நான்கு நொடியில் நானும் இங்கே சென்னையில் என் அறையில் வாய்விட்டு "உண்டுட்டேன் அம்மிச்சி" என்கிறேன். அவருக்குக் கேட்காது என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைக் கேட்பேன்.

வாய்க்கால்கரை (கோபி)
எல்லோருக்கும் நன்றி. நேற்று இந்தப் பக்கத்தை மகனுக்கு அனுப்பினேன். முழுக்கப் படித்தானாம். அவன் சொன்னதை அப்படியே போடுகிறேன்: "புள்ளி வச்சாலும் பரவால்லம்மா, இனிமே கோபம்னு நினைக்க மாட்டேன். ஆனா சாப்பிடுனு மட்டும் போடாம என்ன சாப்டேனு கேளு."

ஒன்று கவனித்தேன். நான் அனுப்பியவற்றில் கேள்வியே இல்லை, பெரும்பாலும் ஏவல் வினை. சாப்பிடு, வா, படி, தூங்கு. புள்ளியைவிட அதுதான் அவனைத் தள்ளியிருக்கும் போல. இன்று காலை "மெஸ்ஸில் என்ன கண்ணு" என்று போட்டேன். ஏழு துண்டாகப் பதில் வந்தது. உப்புமாவின் போட்டோவும்.

விடைத்தாளில் புள்ளி வைக்காத பிள்ளைகளுக்குச் சிவப்பு வட்டம் தொடரும். அதில் மாற்றமில்லை.

தபால்காரர் 1979 (தாராபுரம்)
அம்மாவுக்கு மகிழ்ச்சி. எனக்கு ஒரு உதவி வேண்டும். பேத்திக்கு எழுதும்போது அடுத்த வரிக்குப் போகலாம் என்று வளைந்த அம்புக்குறிப் பொத்தானைத் தொட்டால் கடிதம் பாதியிலேயே கிளம்பிவிடுகிறது. "அன்புள்ள" மட்டும் தனியாகப் போய் நிற்கிறது. அதற்குப் பயந்துதான் வரி மாற்றாமல் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போகிறேன். இதற்கு வழி உண்டா?

பின்னலாடை அம்மணி (திருப்பூர்)
உண்டுங்க தாத்தா. வாட்ஸ்ஆப்பில் மேலே மூன்று புள்ளி, அதில் அமைப்புகள், உள்ளே அரட்டைகள். அங்கே என்டர் தட்டினால் அனுப்பும் என்ற வசதி உங்கள் போனில் யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள். அதை அணைத்துவிடுங்க. பிறகு அந்த அம்பு வரியை மட்டும் மாற்றும், பச்சை வட்டத்தைத் தொட்டால்தான் போகும்.

தபால்காரர் 1979 (தாராபுரம்)
அணைத்துவிட்டேன். இன்று காலை "அன்புள்ள" தொடங்கி என் பெயர் வரைக்கும் பதினொரு வரி, ஒரே கடிதமாகப் போய்ச் சேர்ந்தது. "உ"வும் போட்டேன்.

மத்தியானம் பதில் வந்தது. "தாத்தாாா" என்று ஒரு துண்டு, அதற்குக் கீழே இன்னும் எட்டு.